அளக்கப்பட்ட உடலும் கேட்கப்படாத குரலும்

பாரிசுக்கு உறவினர் எவர் வந்தாலும் நாம் அவர்களை முதலில் அழைத்துச் செல்லும் இடம் ஈபிள் கோபுரம். கோபுரம் முழுமையாகப் படத்தில் விழவேண்டுமாயின் எதிர்க்கரையிலுள்ள துறொக்கடேரோ மேடையில் நின்றே படம் எடுக்கவேண்டும் என்பதும் எம்மவர் யாவரும் அறிந்ததே. அம்மேடையின் பக்கத்தே வளைந்து நீண்டு நிற்கும் கட்டடத்தைத் திரும்பிப் பார்ப்பவர் மிகச் சிலர். அதுதான் மனித நூதனசாலை. அக்கட்டடத்தினுள் 1970களின் நடுப்பகுதிவரை ஓர் ஆபிரிக்கப் பெண்ணின் எலும்புக்கூடும், அவரது உடலிலிருந்து வார்த்தெடுக்கப்பட்ட சாந்து உருவமும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. அதன் பின்னரும் 2002ஆம் ஆண்டுவரை அவரது எச்சங்கள் களஞ்சிய அறையிலேயே கிடந்தன. எம்மில் பலர் இந்நாட்டில் தஞ்சம் கோரி வந்திறங்கிய காலத்தில் அப்பெண்ணும் இந்நகரிலேயே இருந்தார், வீடு திரும்ப வழியின்றி.

அவரது பெயர் சாரா பார்ட்மன். இக்கட்டுரையில் நாம் அவரை 'அவர்' என்றே குறிப்பிடுகின்றோம். வாழ்ந்த காலத்தில் அம்மரியாதை அவருக்குக் கிட்டவில்லை.

கறுப்பினப் பெண்களின் உடல் எவ்வாறு ஒரு காட்சிப்பொருளாகவும், ஆய்வுப்பொருளாகவும், அனுபவிக்கும் பொருளாகவும் ஆக்கப்பட்டது என்பதை அறிய விரும்புவோர்க்கு இவரது கதையைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. வேலைத்தளத்திலும் பள்ளிக்கூடத்திலும் மாடிக்குடியிருப்பிலும் ஆபிரிக்க மக்களோடு நாள்தோறும் பழகி வாழும் நாம் இப்பாடத்தை அறியாதிருத்தல் ஆகாது.

ஒல்லாந்தரும் கோய்கோய் மக்களும்

ஒல்லாந்தர் என்றால் எமக்கு யாழ்ப்பாணக் கோட்டையும் தோம்பும் நினைவுக்கு வரும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி எமது முன்னோரின் காணிகளைத் தோம்பில் பதிந்த அதே கம்பனிதான், அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் 1652இல், ஆபிரிக்காவின் தென்முனையில் தனது கப்பல்களுக்கு ஒரு தங்குமடத்தை அமைத்தது. அங்கு ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தவர்கள் கோய்கோய் மக்கள். குடியேறிய ஒல்லாந்தர் அம்மக்களின் மேய்ச்சல் நிலங்களைச் சிறிது சிறிதாகப் பறித்தனர். நிலத்தை இழந்தவர்கள் அதே நிலத்தில் கூலிகளாயினர். அவர்களது மொழியின் ஒலியைப் பழித்து 'ஹொட்டன்டொட்' என்னும் இழிபெயரையும் சூட்டினர்.

சாரா அம்மக்களிடையே, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கம்தூஸ் ஆற்றுப் பகுதியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை. 'சார்ச்சி', அதாவது 'சின்னச் சாரா', என்பது ஒல்லாந்த மொழியில் எசமானர்கள் வைத்த பெயர். வளர்ந்த பெண்ணையும் சிறுபிள்ளையாகவே அழைக்கும் வழக்கம் அடிமை வீடுகளில் எங்கும் இருந்ததே. பின்னர் அவர் கேப்டவுன் நகரில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தார். ஹென்றிக் சேசர்ஸ் என்பவரும், அலெக்சாண்டர் டன்லொப் என்னும் பிரித்தானிய இராணுவ வைத்தியரும் 1810இல் அவரை லண்டனுக்குக் கப்பலேற்றினர்.

இலண்டன் மாநகரில் இரண்டு சிலிங்

லண்டனில் பிக்கடிலி வீதியின் 225ஆம் இலக்கக் கட்டடத்தில் காட்சி தொடங்கியது. அனுமதிக் கட்டணம் இரண்டு சிலிங். 'ஹொட்டன்டொட் வீனஸ்' என விளம்பரம் ஒட்டப்பட்டது. வீனஸ் என்பது உரோமரின் காதல் தெய்வம். ஓர் இழிபெயரையும் ஒரு தெய்வப்பெயரையும் இணைத்து நகைப்புக்குரிய ஒன்றாக்கினர். அவரது இனத்துப் பெண்கள் பலருக்கு இயல்பாக அமைந்த பருத்த பின்புறமே அக்காட்சியின் மூலதனம். உடலோடு ஒட்டிய, தோல் நிறத்தையொத்த மெல்லிய ஆடையை அணிவித்து, நடக்கவும் திரும்பவும் நிற்கவும் பணித்தனர். பார்க்க வந்தோர் சிலர் விரலாலும் கைத்தடியாலும் தொட்டுப் பார்த்தனர்.

அடிமை வணிகத்தை இங்கிலாந்து சட்டத்தால் தடைசெய்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அடிமைமுறை எதிர்ப்பாளரான சக்கரி மக்கோலியும் அவரது தோழர்களும் இக்காட்சியைக் கண்டு மனம் பொறாது, 1810 நவம்பரில் மன்றில் வழக்குத் தொடர்ந்தனர். காவலர் அச்சுறுத்தும் பாவனையில் கையை ஓங்கியதைத் தாம் கண்டதாகச் சத்தியக்கடதாசி கொடுத்தனர். மன்றின் சார்பில் சாராவிடம் ஒல்லாந்த மொழியில் மூன்று மணி நேரம் விசாரணை நடந்தது. தாம் விரும்பியே வந்ததாகவும், வருமானத்தில் பாதி தமக்கு வாக்களிக்கப்பட்டிருப்பதாகவும் அவர் கூறினாரெனப் பதியப்பட்டது. குளிருக்குச் சற்று வெப்பமான உடை வேண்டுமெனவும் கேட்டாராம். வழக்குத் தள்ளுபடியானது.

'அவர் சம்மதித்தாரே' என்று இன்றும் வாதிடுவோர் உளர். வாசகர்களே, அந்நிய நாட்டில், அந்நிய மொழியில், அதிகாரிகளின் முன் அமர்ந்து வாக்குமூலம் கொடுப்பது எத்தகையது என்பதை எமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. விசாரணை முடிந்ததும் அவர் திரும்பிச் செல்லவேண்டியது அதே எசமானர்களின் வீட்டுக்குத்தான். கையில் காசில்லை, ஊருக்குக் கப்பலில்லை, அந்நகரில் உறவென்று சொல்ல எவருமில்லை. 'இல்லை' என்று சொல்லும் வாய்ப்பு இருக்கும் இடத்தில் மட்டுமே 'ஆம்' என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு. மன்று அவரது வாயிலிருந்து வந்த சொல்லைப் பதிந்தது. அச்சொல் எந்த நிலையில் நின்று சொல்லப்பட்டது என்பதை நிறுத்துப் பார்க்கவில்லை.

அறிவியலின் பெயரால்

1814இல் அவர் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டார். இங்கே அவரைக் காட்சிக்கு வைத்தவன் ரேயோ என்னும் விலங்குகளைப் பழக்கும் தொழில் செய்தவன். பலே றோயால் பகுதியில் நாள்தோறும் காட்சி நடந்தது. 1815 மார்ச் மாதத்தில், இன்று நாம் பிள்ளைகளோடு உலாவச் செல்லும் தாவரவியற் பூங்காவில், அக்காலத்தின் தலைசிறந்த விஞ்ஞானிகள் மூன்று நாட்கள் அவரை ஆராய்ந்தனர். ஜோர்ஜ் குவியே என்னும் பேரறிஞரும் அவர்களுள் ஒருவர். ஓவியர்களும் வரவழைக்கப்பட்டனர். ஆடைகளை முற்றாகக் களையுமாறு கேட்டபோது சாரா மறுத்தார். பணம் தருவதாகச் சொல்லியும் இறுதிவரை ஒரு துணியால் தம்மை மறைத்துக்கொண்டார். அவரது வாழ்வில் 'இல்லை' என்று அவர் சொன்னதாக ஏட்டில் நிலைத்துவிட்ட சந்தர்ப்பம் இது.

அந்த மறுப்பை மரணம்வரை மட்டுமே அவரால் காக்க முடிந்தது. 1815 டிசெம்பர் இறுதியில் அவர் இறந்தார். உடல் அடக்கம் செய்யப்படவில்லை. குவியே அதனைப் பெற்று, முழு உருவத்தையும் சாந்தில் வார்த்தெடுத்த பின்னர் வெட்டி ஆராய்ந்தார். மூளையும், உயிரோடிருந்தபோது அவர் காட்ட மறுத்த உறுப்பும் போத்தல்களில் இடப்பட்டன. எலும்புகள் கோக்கப்பட்டு நிறுத்தப்பட்டன. 1817இல் வெளிவந்த அறிக்கையில் அவரைக் குரங்கோடு ஒப்பிட்டு எழுதினார் குவியே.

அதே அறிக்கையிலே இன்னொரு செய்தியும் உண்டு. அப்பெண் நல்ல நினைவாற்றல் உடையவர், ஒல்லாந்த மொழி ஓரளவு பேசுவார், ஆங்கிலமும் சிறிது அறிவார், பிரெஞ்சு மொழியும் பேசத் தொடங்கியிருந்தார் என்று குவியே தம் கைப்படவே எழுதியுள்ளார். தாய்மொழி நீங்கலாக மூன்று அந்நிய மொழிகளைப் பள்ளிக்கூடம் போகாமலே கற்ற ஒருவர்! அறிவைக் கண்ணால் கண்டும் கருத்தால் காணாதிருக்க ஒரு பேரறிஞரால் முடிந்தது. அளவுகோல் கையிலிருந்தால் மட்டும் உண்மை தெரிந்துவிடாது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

சட்டம் செய்த கொடுமை

சாராவின் கதை தனியொருவரின் கதையன்று. அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1662இல், அமெரிக்காவின் வேர்ஜீனியாக் குடியேற்றம் ஒரு சட்டம் இயற்றியது. பிள்ளை அடிமையா சுதந்திரனா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்பதே அச்சட்டம். ஆங்கிலேய வழக்கில் தந்தைவழியே உரிமை செல்லும். கறுப்பினத் தாய்க்கு மட்டும் அதனைத் தலைகீழாக்கினர். காரணம் வெளிப்படையானது. அடிமைப்பெண்ணை எசமானன் பலாத்காரம் செய்து பிறக்கும் பிள்ளை அவனுக்கு வாரிசாகாது, சொத்தாகும். 1808 முதல் ஆபிரிக்காவிலிருந்து புதிய அடிமைகளை இறக்குமதி செய்வது அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டபோது, அடிமைப்பெண்ணின் கருப்பை மேலும் விலைமதிப்புள்ளதாயிற்று.

இக்கொடுமையை மனச்சாட்சி உறுத்தாமல் செய்வதற்கு ஒரு பொய் தேவைப்பட்டது. கறுப்பினப் பெண் இயல்பிலேயே காமம் மிகுந்தவள், அவளுக்கு நாணமில்லை, ஆகவே அவளைக் கெடுக்க முடியாது என்பதே அப்பொய். குற்றம் செய்தவன் தன் குற்றத்தைப் பாதிக்கப்பட்டவளின் உடலின்மேல் எழுதிவைத்தான்.

மிசூரி மாநிலத்தில் சீலியா என்னும் அடிமைப்பெண்ணின் வழக்கு இதனை உணர்த்தும். 1850இல், ஏறத்தாழ 14 வயதில், அறுபது வயதை நெருங்கும் ஒருவனால் அவர் விலைக்கு வாங்கப்பட்டார். ஐந்து ஆண்டுகள் அவனது பலாத்காரத்துக்கு ஆளான பின்னர், 1855இல், தம்மை நெருங்கிய அவனைத் தடியால் அடித்துக் கொன்றார். எந்தப் பெண்ணும் தன் மானத்தைக் காக்க எதிர்த்துப் போராடலாம் என்று அம்மாநிலச் சட்டம் கூறியது. 'எந்தப் பெண்ணும்' என்ற சொல்லுள் அடிமைப்பெண்ணும் அடங்குவார் எனச் சட்டத்தரணிகள் வாதிட்டனர். நீதிபதி ஏற்கவில்லை. 1855 டிசெம்பர் 21ஆம் திகதி சீலியா தூக்கிலிடப்பட்டார்.

வைத்தியமும் இதற்கு விலக்கன்று. 1845 முதல் 1849 வரை அலபாமா மாநிலத்தில் மரியன் சிம்ஸ் என்னும் வைத்தியர், பிரசவத்தால் உட்கிழிவு உண்டான அடிமைப்பெண்கள் மீது மயக்கமருந்தின்றித் திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை செய்து பழகினார். அனார்க்கா என்னும் ஒருவருக்கு மட்டும் ஏறத்தாழ முப்பது தடவைகள். அச்சிகிச்சை முறையால் பிற்காலத்தில் உலகெங்கும் பெண்கள் நன்மை அடைந்தனர் என்பது உண்மையே. ஆயினும் சிம்சுக்கு நியூயோர்க்கின் மத்திய பூங்காவில் சிலை நின்றது, அனார்க்காவின் பெயரை அறிந்தவர் அரிது. அச்சிலை 2018 ஏப்ரலில் அகற்றப்பட்டது.

பார்வை எம்மீதும் விழுந்தது

இந்தப் பார்வை ஆபிரிக்கரோடு நின்றுவிடவில்லை. பூலோன் வனத்தின் ஓரத்தில், இன்று பிள்ளைகள் இராட்டினம் ஏறி விளையாடும் பூங்காவில், 1877 தொடக்கம் ஆபிரிக்க, ஆசிய, அமெரிக்கப் பழங்குடி மக்கள் கூட்டங்கூட்டமாகக் காட்சிக்கு வைக்கப்பட்டனர். 1883இல் யானைகளோடு அங்கே காட்சிக்கு நிறுத்தப்பட்டவர்கள் இலங்கையர். விலங்குக் காட்சிச்சாலைக்குரிய இடத்தில் எமது தீவின் மக்களை வேடிக்கை பார்க்கப் பாரிஸ் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கினர்.

1979 ஜனவரியில் லண்டன் ஹீத்றோ விமான நிலையத்தில் நடந்ததையும் மறத்தலாகாது. திருமணம் செய்யவென வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் கன்னிதானா என அறிவதற்காக, குடிவரவு அதிகாரிகள் ஓர் ஆண் வைத்தியரைக் கொண்டு பரிசோதித்தனர். ஒப்பமிட்ட சம்மதப் பத்திரமும் அவரிடம் பெறப்பட்டிருந்தது. செய்தி பத்திரிகையில் வெளிவந்து கண்டனம் எழுந்த பின்னரே இவ்வழக்கம் கைவிடப்பட்டது. வேறு பல பெண்களும் இவ்வாறு பரிசோதிக்கப்பட்டமை பிற்கால ஆய்வுகளால் தெரியவந்தது. 1810இலும் சம்மதம், 1979இலும் சம்மதம். கேட்பவன் கையில் அதிகாரம் முழுவதும் இருக்க, கேட்கப்படுபவள் கையில் பயணப்பெட்டி மட்டும் இருந்தது.

இன்றைய நிலை

இது பழங்கதை என எவரேனும் எண்ணலாம். 1925இல் 19 வயது ஜோசபின் பேக்கர் அமெரிக்காவிலிருந்து பாரிஸ் வந்தார். தமது நாட்டில் வெள்ளையரோடு ஒரே மேசையில் அமர முடியாத அவருக்கு இந்நகரம் புகழையும் சுதந்திரத்தையும் வழங்கியது. ஆனால் அவரிடம் அது முதலில் கேட்டது அரைநிர்வாண நடனத்தையும், இடையில் வாழைப்பழப் பாவாடையையும். அவர் அப்பார்வையைத் தம் திறமையால் வென்று, உலகப்போரில் பிரான்சின் விடுதலைக்காக இரகசியப் பணியாற்றி, 2021 நவம்பர் 30ஆம் திகதி பந்தியோன் நினைவாலயத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணாக ஆனார். வென்றவர் ஒருவர். வெல்ல வாய்ப்பே கிடைக்காதவர் பல்லாயிரவர்.

2017இல் அமெரிக்காவின் ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகச் சட்டப்பீட ஆய்வு நிலையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரே வயதுடைய வெள்ளையினச் சிறுமியரைவிடக் கறுப்பினச் சிறுமியரை வளர்ந்தோர் 'பேதைமை குறைந்தவர்கள்', 'பாலியல் விடயங்களைக் கூடுதலாக அறிந்தவர்கள்' எனக் கருதுகின்றனர் என அது கண்டது. இவ்வேறுபாடு ஐந்து வயதிலேயே தொடங்குகின்றது. ஐந்து வயதுக் குழந்தை! குழந்தையைக் குழந்தையாகப் பாராதவர், அக்குழந்தைக்குத் தீங்கு நேரும்போது அதனை நம்பவும் மாட்டார். ஆர். கெலி என்னும் புகழ்பெற்ற பாடகர்மீது கறுப்பினச் சிறுமியர் பல ஆண்டுகளாகக் கூறிவந்த குற்றச்சாட்டுகள் பொருட்படுத்தப்படவில்லை. 2021இல்தான் அவர் நியூயோர்க்கில் குற்றவாளியாகக் காணப்பட்டார். அடுத்த ஆண்டு 30 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இன்னொரு முரணையும் காண்கின்றோம். சாராவின் எந்த உடலமைப்பைப் பார்த்து ஊர் நகைத்ததோ, அதே அமைப்பைப் பெறுவதற்கு இன்று பிற இனப் பெண்கள் சத்திரசிகிச்சை செய்து பெரும்பணம் செலவிடுகின்றனர். பாடல் ஒளிப்பதிவுகளிலும் விளம்பரங்களிலும் அவ்வுடல் விலைபோகின்றது. நகைப்பு வியப்பாக மாறியிருக்கலாம். உடலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் வழக்கம் மாறவில்லை.

வீடு திரும்பல்

தென்னாபிரிக்காவில் இனவொதுக்கல் ஆட்சி வீழ்ந்ததும், 1994இல் நெல்சன் மண்டேலா சாராவின் எச்சங்களைத் திருப்பித் தருமாறு பிரெஞ்சு அரசைக் கேட்டார். நூதனசாலைச் சேகரிப்பு அரசின் சொத்து, அதனை எவருக்கும் கைமாற்ற முடியாது என்பதே தடையாயிருந்தது. இறந்த பின்னரும் அவர் 'சொத்து' என்னும் பட்டியலிலேயே இருந்தார் என்பதைக் கவனிக்க. 1998இல் தென்னாபிரிக்கக் கவிஞர் டயானா ஃபெரஸ், அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்வதாக ஒரு கவிதை எழுதினார். அக்கவிதை பிரெஞ்சு செனற்றர் நிக்கொலா அபூவின் உள்ளத்தைத் தொட்டது. அவர் கொண்டுவந்த சட்டம் 2002 மார்ச் 6ஆம் திகதி நிறைவேறியது. ஏப்ரல் 29ஆம் திகதி எச்சங்கள் கையளிக்கப்பட்டன. ஓகஸ்ட் 9ஆம் திகதி, தென்னாபிரிக்கப் பெண்கள் தினத்தன்று, பிறந்த மண்ணிலே ஹான்கி என்னும் சிற்றூரில் ஒரு குன்றின்மேல் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஊரைவிட்டுப் போய் 192 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2018இல் கேப்டவுன் பல்கலைக்கழகம் தனது பெருமண்டபத்துக்கு அவரது பெயரைச் சூட்டியது.

எமக்குரிய கடமை

இங்கே எமது வீட்டுக்குள்ளும் சற்று நோக்குதல் வேண்டும். ஆபிரிக்க மக்களைக் குறிக்க எம்மவர் வாயில் சர்வசாதாரணமாக வரும் சொற்கள் 'காப்பிலி', 'கறுவல்' என்பன. 'காப்பிலி' எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தோமா? அரேபியர் 'நம்பிக்கையற்றவன்' என்ற பொருளில் வழங்கியதைப் போர்த்துக்கேயர் எடுத்து ஆபிரிக்க அடிமைகளுக்குச் சூட்டினர். எம்மை ஆண்டவர்களிடமிருந்து நாம் கற்ற வசைச்சொல் அது. அதே சொல்லைத் தென்னாபிரிக்காவில் வாய்விட்டுத் திட்டிய ஒருவருக்கு 2018இல் சிறைத்தண்டனை கிடைத்தது. நாமோ அதனைப் பிள்ளைகள் கேட்கும்படி சோற்றுக் கோப்பையின் முன்னிருந்து சொல்கின்றோம்.

மேலும், மெத்ரோவில் எதிரே அமர்ந்திருக்கும் ஆபிரிக்கப் பெண்ணின் உடையையும் உடலையும் பற்றி, 'அவளுக்குத் தமிழ் விளங்காதுதானே' என்ற துணிவில் உரத்துப் பேசி நகைக்கும் எம் இளைஞர்களை நாம் கண்டிருக்கின்றோம். அப்பெண்ணுக்குச் சொல் விளங்காதிருக்கலாம். பார்வை விளங்கும். பிக்கடிலியில் இரண்டு சிலிங் கொடுத்தவர்களும் சாராவுக்கு ஆங்கிலம் விளங்காது என்றே எண்ணியிருந்தனர்.

நிறமான மணமகள் தேவையென விளம்பரம் கொடுக்கும் பெற்றோரும், கறுத்த பெண்பிள்ளையை வெயிலில் விளையாடாதே என அதட்டும் பேத்திமாரும் தாம் செய்வது இதனோடு தொடர்பற்றதென எண்ணலாம். தொடர்புண்டு. பெண்ணை முதலில் தோலாகவும் உருவமாகவும் கண்டு, பின்னரே ஆளாகக் காணும் வழக்கத்தின் வேர் ஒன்றே.

சாரா பார்ட்மனின் பெயரை எமது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். குவியேயின் பெயரைப் பள்ளிக்கூடம் கற்பிக்கும். சாரா நான்கு மொழி அறிந்தவர் என்பதையும், மூன்று நாட்கள் பேரறிஞர் நடுவே நின்றும் தம் துணியை விட்டுக்கொடாதவர் என்பதையும் வீட்டில்தான் கற்பிக்கவேண்டும். அதற்கு முதற்படியாக 'காப்பிலி' என்னும் சொல்லை எமது வீட்டு வாசலுக்கு வெளியே விட்டுவிடுவோம்.